அந்த ஆர்கன் யாருடையது? – ‘எ ஒய்ட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பற்றிச் சில குறிப்புகள்

ஒரு சின்னப் பரிசோதனை. பழைய ஆங்கிலப் பாட்டு கேட்கும் பழக்கம் உள்ள யாரிடமாவது, புரோகோல் ஹாரம் குழுவின் ‘எ ஒய்ட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பாட்டைக் கொஞ்சம் ஹம் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். நான் நாலு பேரிடம் கேட்டேன். மூன்று பேர் ஹம் பண்ணியது பாடகர் பாடும் மெட்டை இல்லை. பாட்டு தொடங்கும்போது வருகிற ஆர்கன் இசையை. நாலாவது ஆள் “எந்தப் பாட்டு அது?” என்றார். நான் அதே ஆர்கனை ஹம் பண்ணியதும் “அட, இதுவா!” என்றார்.

நம்ம ஊர் சினிமாப் பாட்டு பாஷையில் சொன்னால் அது வெறும் பிரிலூட். பாட்டு என்றால் மெட்டும் வரியும், மற்றதெல்லாம் அலங்காரம். அப்படித்தான் நானும் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஆனால் ஊரே ஹம் பண்ணுவது பிரிலூடைத்தான் என்றால், அந்தப் பிரிலூடை வாசித்தவர் பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரா, இல்லை கூலிக்கு வாசித்த ஆளா?

இந்தக் கேள்வியை 2005 முதல் 2009 வரை இங்கிலாந்தில் மூன்று நீதிமன்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விசாரித்தன. அந்த வழக்கைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது என்னிடம் ஒரு உறுதியான கருத்து இருந்தது. படித்து முடித்தபோது அது இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

பூனை பெயரில் ஒரு குழு

கேரி புரூக்கர் பியானோ வாசிப்பார், பாடுவார். அதற்கு முன்னால் ‘தி பாரமவுண்ட்ஸ்’ என்ற குழுவில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடல்களை வாசித்துக்கொண்டிருந்தவர். குரலிலும் அந்த வாசனை உண்டு. கீத் ரீட் எந்த வாத்தியமும் வாசிக்காதவர், பாட்டு எழுதுகிறவர் மட்டும். இரண்டு பேரையும் சேர்த்துவைத்தது கை ஸ்டீவன்ஸ் என்ற இசைத் துறைக்காரர். குழுவுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். தெரிந்தவர் ஒருவர் வளர்த்த பூனையின் பெயர் அது, கொஞ்சம் மருவிப்போய் ‘புரோகோல் ஹாரம்’ ஆயிடுச்சு.

தலைப்பு கிடைத்த கதை சுவாரசியமானது. ஒரு பார்ட்டியில் யாரோ ஒரு பெண்ணைப் பார்த்து, முகம் இப்படி வெளிறிப்போயிடுச்சே என்கிற அர்த்தத்தில் இந்தச் சொற்களைச் சொல்ல, அது ரீட் காதில் விழுந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை எழுதினார். நாலு சரணம் எழுதினார், இசைத்தட்டில் இருப்பது இரண்டுதான். அதற்கே பாட்டு நாலு நிமிஷம் ஓடுகிறது. அந்தக் காலத்து சிங்கிளுக்கு அது ரொம்ப நீளம்.

புரூக்கர் அந்த வரிகளைப் பியானோவில் வைத்து மெட்டமைத்து, தானே பாடி ஒரு டெமோ பதிவு செய்தார். 1967 மார்ச் 7ஆம் தேதி அவரும் ரீடும் பாட்டின் உரிமையை எசெக்ஸ் மியூசிக் என்ற பதிப்பு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். இந்தத் தேதியை ஞாபகம் வச்சுக்கோங்க. அப்போது பாட்டில் ஆர்கன் கிடையாது, அதை வாசிக்கப்போகிற மாத்யூ ஃபிஷரும் குழுவில் கிடையாது.

ஃபிஷர் வந்தது அதற்குப் பிறகு, ‘மெலடி மேக்கர்’ பத்திரிகை விளம்பரம் வழியாக. முறையாக இசை படித்த இளைஞர். கையில் சொந்தமாக ஒரு ஹாமண்ட் ஆர்கன். தேவாலயத்தில் பெரிய குழாய் ஆர்கன் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு மின்சாரத்தில் ஒரு மாற்று என்றுதான் 1930களில் ஹாமண்ட் விற்பனைக்கு வந்தது. பிறகு அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்கள் அதைத் தங்கள் வாத்தியமாகவே ஆக்கிக்கொண்டன. அதோடு லெஸ்லி ஸ்பீக்கரைச் சேர்த்தால், உள்ளே ஒலி சுழன்று சுழன்று வெளியே வரும். இந்தப் பாட்டில் ஆர்கன் மூச்சு விடுகிற மாதிரி கேட்பது அதனால்தான்.

1967 ஏப்ரலில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் பதிவு. தயாரிப்பாளர் டென்னி கார்டெல். குழுவில் அப்போது சரியான டிரம்ஸ்காரர் அமையாததால், பில் ஐடன் என்ற ஜாஸ் கலைஞர் அன்றைய சம்பளத்துக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்.

ச நி த ப

இப்போ இசைக்குள் கொஞ்சம் போகலாம். பயப்பட வேண்டாம், சரிகமபதநி தெரிந்தால் போதும்.

பாட்டு ‘சி மேஜர்’ ஸ்கேலில் இருக்கிறது. நம்ம கணக்கில் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். அடியில் பேஸ் என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள். ச, நி, த, ப, ம, க, ரி, ச என்று ஒவ்வொரு படியாக இறங்குகிறது. அப்புறம் ப, ம, க, ரி என்று இன்னொரு இறக்கம். முடிவில் ச-வில் வந்து நின்று மறுபடி தொடங்குகிறது. இது ஒரு சுற்று, மேற்கத்தியக் கணக்கில் எட்டு ‘பார்’. அவரோகணத்தை மெதுவாக, தாளத்துக்கு நடந்து இறங்குகிற மாதிரி.

இதன் மூலம் எங்கே என்றால், பாக். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானியரான யோஹான் செபாஸ்டியன் பாக்கின் மூன்றாவது ஆர்கெஸ்ட்ரா சூட்டில் ‘ஏர்’ என்று ஒரு பகுதி உண்டு. அதிலும் பேஸ் இப்படித்தான் படி இறங்கும். அதை ஜாக் லூசியே என்ற பிரெஞ்சு பியானோக்காரர் ஜாஸ் பாணியில் வாசித்திருந்தார். அது இங்கிலாந்தில் ஒரு சுருட்டு விளம்பரத்தில் டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. அது தன் மனசில் ஓடியதை புரூக்கரே சொல்லியிருக்கிறார். ஆக, அந்த நடைக்கான யோசனை புரூக்கருடையது.

இதற்கு மேல் ஃபிஷர் என்ன செய்தார்? காந்தாரத்தில் ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கீழே பேஸ் இறங்கிக்கொண்டிருக்க, மேலே ஸ்வரம் அசையாமல் நிற்கிறது. பாக்கின் ‘ஏர்’ தொடங்குவதும் இதே மாதிரி, காந்தாரத்தில் நீண்டு நிற்கும் ஸ்வரத்தோடுதான். அந்தச் சாயலை வைத்துக்கொண்டு, அங்கிருந்து சின்னச் சின்ன வளைவுகளோடு இறங்கி ஏறி, எட்டு பாருக்கும் ஒரு தனி மெட்டையே கட்டிவிடுகிறார். நிறைய பேர் இதை ‘பாக்கிடம் சுட்டது’ என்று சொல்வதுண்டு. பாக்கைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். முதல் சில நொடிகள் உறவு தெரியும், அதற்குப் பிறகு இது வேறு ஆள் நடந்த பாதை.

முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கு. ஆர்கன் வருகிற இடத்திலும், புரூக்கர் சரணம் பாடுகிற இடத்திலும், பல்லவி மாதிரித் திரும்ப வருகிற இடத்திலும் அடியில் ஓடுவது ஒரே பேஸ் இறக்கம்தான். ஒரே அடித்தளம், அதன் மேல் இரண்டு வேறு வேறு மெட்டுகள். ஒன்று குரலுக்கு, இன்னொன்று ஆர்கனுக்கு. பாடகர் பாடுவதையே ஆர்கன் திருப்பி வாசிக்கவில்லை. அப்படி வாசித்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

1967 கோடை

கார்டெலுக்கு இந்தப் பாட்டு எடுபடுமா என்று சந்தேகம். கடலில் கப்பலை நிறுத்தி அங்கிருந்து ஒலிபரப்பிய ‘ரேடியோ லண்டன்’ என்ற கடற்கொள்ளை வானொலிக்கு ஒரு மாதிரித் தட்டை அனுப்பிப் பார்த்தார். ஒலித்ததும் நேயர்கள் பிடித்துக்கொண்டார்கள். (அந்தக் கப்பல் வானொலிகளையே சட்டம் போட்டு அதே ஆகஸ்டில் மூடவைத்தது அரசு. ‘தி போட் தட் ராக்ட்’ படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

மே 12 அன்று இசைத்தட்டு வெளிவந்தது. ஜூன் 8இல் பிரிட்டனில் முதலிடம். ஆறு வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அந்த இடத்திலிருந்து அதை இறக்கியது பீட்டில்ஸ். அந்த பீட்டில்ஸின் ஜான் லெனனே தன் ரோல்ஸ் ராய்ஸ் காரில் இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பலரும் சொன்ன கதை. அமெரிக்காவில் ஐந்தாம் இடம். 1977இல், அதற்கு முந்தைய 25 வருஷத்தின் சிறந்த பிரிட்டிஷ் சிங்கிள் என்ற விருதை ‘போஹீமியன் ராப்சடி’யோடு பகிர்ந்துகொண்டது. 2009இல் பிரிட்டனில் பொது இடங்களில் 75 வருஷத்தில் அதிகம் ஒலித்த பாட்டு எது என்று கணக்கெடுத்தபோது முதலிடம் இதற்குத்தான்.

ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் பணம் வரும். அந்தப் பணம் இரண்டு வாய்க்காலில் ஓடும். ஒன்று, பதிவுக்கான பணம். இசைத்தட்டில் வாசித்த குழு உறுப்பினர் என்ற முறையில் ஃபிஷருக்கு அதில் பங்கு வந்தது. இன்னொன்று, பாட்டை ‘உருவாக்கியதற்கான’ பணம். யார் பாடினாலும், எந்தப் படத்தில் வந்தாலும் இது வரும். இதில் புரூக்கர், ரீட் இருவர் பெயர் மட்டும்தான். ஆனி லெனாக்ஸ் 1995இல் இதே பாட்டைப் பாடி வெளியிட்டபோது, ஃபிஷருக்கு ஒரு பைசா கிடையாது.

38 வருஷம் கழித்து

ஃபிஷர் 1969இல் குழுவை விட்டு வெளியேறினார். பின்னாளில் கம்ப்யூட்டர் புரோகிராமர் ஆனார். குழு மறுபடி சேர்ந்தபோது திரும்ப வந்து வாசித்ததும் உண்டு. 2005 மே 31 அன்று வழக்குப் போட்டார். நான் வாசித்தது வெறும் வாசிப்பு அல்ல, இசையமைப்பு, நானும் ஒரு ஆசிரியர் என்று.

என் கருத்து அப்போ இதுதான்: 38 வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப எதுக்கு? அநியாயம் என்று தோன்றியிருந்தால் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதுதானே?

2006 டிசம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதி பிளாக்பர்ன் தீர்ப்பளித்தார். ஆர்கன் பகுதி தனித்தன்மை உள்ளது, முடிந்த பாட்டுக்குக் கணிசமான பங்களிப்பு, ஆகவே ஃபிஷர் இணை ஆசிரியர். இசைக்கான உரிமையில் அவருக்கு 40 சதவீதம். பாதி இல்லை, ஏனென்றால் மெட்டும் அடித்தளமும் புரூக்கருடையவை. பழைய பாக்கியும் கிடையாது. வழக்குப் போட்ட நாள் வரை அவர் தன் பங்கை மற்றவர்கள் பயன்படுத்த மௌனமாக அனுமதித்ததாகத்தான் அர்த்தம் என்றார் நீதிபதி. பணம் 2005 மே 31க்குப் பிறகு மட்டும்.

புரூக்கர் மனம் நொந்துபோனார். இப்படியே போனால் ஸ்டூடியோவில் கூட வாசித்த எவர் வேண்டுமானாலும் பல வருஷம் கழித்து வந்து பங்கு கேட்கலாமே என்பது அவர் வாதம். எனக்கு அதில் நியாயம் இருப்பதாகவே பட்டது.

2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பாதி ஒத்துக்கொண்டது. ஃபிஷர் இணை ஆசிரியர்தான், ஆனால் இவ்வளவு தாமதத்துக்குப் பிறகு பணத்தில் பங்கு கேட்க முடியாது என்றது பெரும்பான்மை. பெயர் உண்டு, பங்கு இல்லை.

2009 ஜூலை 30 அன்று பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை மாற்றினார்கள். 40 சதவீதம் திரும்பக் கிடைத்தது. பிரபுக்கள் சபை நீதிமன்றமாக இருந்து தீர்ப்புச் சொன்ன கடைசி நாளும் அதுதான். அக்டோபரில் அந்த வேலை புதிய சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய்விட்டது. அறுபதுகள் நன்றாக ஞாபகம் இருக்கிற ஆளாக, அந்த ஆர்கனை உருவாக்கியவருக்குக் கடைசியில் அங்கீகாரம் கிடைத்ததில் தனக்கு மகிழ்ச்சி என்று நீதிபதி ஹேல் அம்மையார் தன் தீர்ப்பில் எழுதினார்.

என் மனசு மாறிய இடம்

முதலில் சட்டம். காப்புரிமை ஒரு சொத்து. இத்தனை வருஷத்துக்குள் கேட்காவிட்டால் அந்தச் சொத்து போய்விடும் என்று அங்கே சட்டத்தில் கெடு இல்லை. தாமதத்தைக் காட்டித் தடுக்க வேண்டுமென்றால், அந்தத் தாமதத்தால் எதிராளிக்கு என்ன நஷ்டம் என்று காட்டணும். இங்கே என்ன நஷ்டம்? 38 வருஷம் முழுப் பங்கும் புரூக்கர் தரப்புக்குத்தான் போனது. ஃபிஷர் சும்மா இருந்ததால் அவர்களுக்கு லாபம். இந்த ஒரு வரியில் என் வாதம் சரிந்துவிட்டது. காத்திருந்ததால் நஷ்டப்பட்ட ஒரே ஆள், காத்திருந்தவர்தான்.

மார்ச் 7 ஒப்பந்தமும் அப்படித்தான். அன்றைக்கு எழுதிக் கொடுத்தது டெமோவில் இருந்த பாட்டை. உலகம் கேட்டது ஏப்ரலில் ஸ்டூடியோவில் உருவான இன்னொரு வடிவத்தை. அந்த வடிவத்தில் தன் பங்கை ஃபிஷர் யாருக்கும் எழுதிக் கொடுக்கவே இல்லை.

இரண்டாவது, ஏன் அன்றைக்கே கேட்கவில்லை என்பது. 1967இலேயே அவர் பேச்சை எடுத்திருக்கிறார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதுசாகச் சேர்ந்த பையன். குழு உச்சிக்குப் போய்க்கொண்டிருக்கும் நேரம். வற்புறுத்தினால் குழுவில் இடம் போய்விடும் என்ற பயம். நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது.

இந்த இடத்தில் எனக்கு என் முதல் வேலை ஞாபகம் வந்தது. ஆறு மாசம் உட்கார்ந்து நான் எழுதிய ஒரு கையேடு, அச்சாகி வந்தபோது முன்பக்கத்தில் என் மேலதிகாரி பெயர் மட்டும் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் வேலை நிரந்தரமாகி இருந்தது, வீட்டில் நான் அனுப்பும் பணத்தை நம்பி இருந்தார்கள். இன்றைக்கு யாராவது “அன்னிக்கே கேட்டிருக்கலாமே” என்றால் என்ன பதில் சொல்வேன்? ஃபிஷரைப் பார்த்து நான் கேட்ட கேள்வி அதேதானே.

புரூக்கரின் பயம் என்ன ஆனது என்று கேட்கலாம். அதற்கும் பதில் அந்த இசையிலேயே இருக்கு. இதே பதிவில் பில் ஐடனின் டிரம்ஸ் அவ்வளவு அழகு, ஆனாலும் அவரை யாரும் இணை இசையமைப்பாளர் என்று சொல்லவில்லை. நன்றாக வாசிப்பது வேறு, பாட்டில் இல்லாத ஒரு மெட்டைப் புதிதாகப் போடுவது வேறு. கோடு எங்கே என்பதில் சில நேரம் சண்டை வரலாம்தான். இந்தப் பாட்டில் அந்தக் கோடு தெளிவாகத் தெரிகிறது.

அதற்காக புரூக்கரை வில்லனாக்கவும் எனக்கு மனமில்லை. பியானோ முன்னால் தனியாக உட்கார்ந்து அந்தப் பேஸ் இறக்கத்தைக் கண்டுபிடித்தவர் அவர். கூட்டு வேலையில் ஒவ்வொருத்தருக்கும் தன் பங்குதான் முழுசாகத் தெரியும், பக்கத்தில் இருக்கிறவர் பங்கு ‘உதவி’யாகத் தெரியும். அவர் 2022இலும், ரீட் 2023இலும் காலமானார்கள்.

ஏன் இன்னும் கேட்கிறோம்?

வரிகள் புரியாததால்தான் பாட்டு நிலைத்தது என்று ஒரு கருத்து உண்டு. கொஞ்சம் உண்மை. ஒரு ஆணும் பெண்ணும், குடி, மயக்கம், கடலின் சாயல், சாசரின் பழைய ஆங்கிலக் கதையை நினைவூட்டும் ஒரு குறிப்பு என்று போகும். கதை முழுசாகப் பிடிபடாது. ஆனால் புரியாத வரிகள் உள்ள பாட்டு ஆயிரம் இருக்கே, அதெல்லாம் நிலைக்கலையே?

என் கணிப்பு வேறு. பேஸ் இறங்கும்போது நம் காது அடுத்த படியை முன்கூட்டியே எதிர்பார்க்கிறது, அது அங்கேயே வந்து கால் வைக்கிறது. அது ஒரு ஆறுதல். மேலே ஆர்கன் முதல் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. அது ஒரு ஏக்கம். ஆறுதலும் ஏக்கமும் ஒரே நேரத்தில் நடக்கிறது. அதன்மேல் ப்ளூஸ் பாடிப் பழகிய ஒரு கரகரப்பான குரல். இதில் எந்த ஒன்றை எடுத்தாலும் மற்றது நொண்டும். பேஸ் மட்டும் போதும் என்றால் பாக்கே போதுமே. குரல் மட்டும் போதும் என்றால் டெமோவே போதுமே.

அடுத்த முறை பாட்டைக் கேட்கும்போது ஒன்று செய்து பாருங்கள். முதல் சுற்றில் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். புரூக்கர் பாடி முடித்து ஆர்கன் திரும்ப வருகிற இடத்தில் அதை மட்டும் கேளுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள், நாற்பது சதவீதம் சரியா, கூடவா, குறைச்சலா என்று. நான் இன்னும் கொஞ்சம் கூடக் கொடுத்திருப்பேன்.